மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில்

முறைப்படி பார்த்தால் முதல் தீபாவளி
மஸ்கெலியாவில், என் அம்மா வீட்டில்.
அங்கே மாமி வரமாட்டார்.
பருத்தித்துறையில் வைத்தால்
அப்பாவுக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வரும்.
ஆகவே வெள்ளவத்தை,
கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஐந்தாம் மாடி,
இரண்டறை வாடகை வீடு.
ஒருவருக்கும் சொந்த ஊர் இல்லாத ஊர்.

எங்களிடம் கதிரை நான்கு. ஆட்கள் ஏழு.
வாகீசன் முச்சந்திக் கடையில்
பிளாஸ்டிக் கதிரை மூன்று வாடகைக்கு எடுத்தான்.
யார் எங்கே இருப்பது என்று
பென்சிலால் ஒரு தாளில் வரைந்தோம்,
அழித்தோம், வரைந்தோம்.

ஆட்டிறைச்சி இரண்டு சட்டியில்.
ஒன்று மாமி அனுப்பிய தூளில்,
கறுத்து, கண்ணில் நீர் வரும்படி.
மற்றது அம்மாவின் கைக்கணக்கு,
அரைத்த மல்லி, கொஞ்சம் சோம்பு கூட.
எதை மேசை நடுவில் வைப்பது?
மூன்று இரவு யோசித்து
இரண்டையும் மூடியே வைப்பதென்று முடிவாயிற்று.

ஆறரைக்கு இடி இறங்கியது.
ஆறு ஐம்பதுக்குக் கறன்ட் போனது.
லிஃப்ட் இரண்டாம் மாடியில் வெறுமனே நின்றது;
உள்ளே ஆளில்லை, அதுவே பெரிய காரியம்.
ஜெனரேட்டருக்கு டீசல் எப்போது வரும் என்றதற்குக்
காவலாளி மிகப் பணிவாக
'ஹெட்ட' என்றார். நாளைக்காம்.

என் ஆட்கள் மூவரும் ஏறி வந்துவிட்டார்கள்.
கொழுந்துக் கூடையோடு ஏறிய கால்கள் அம்மாவுக்கு;
ஐந்து மாடி ஒரு பேச்சா.
மாமிக்கு முழங்கால்.
மூன்றாம் மாடி தாண்டி ஏழு படி,
அதோடு குந்திவிட்டார்.
"நான் திரும்பிப் போறன் தம்பி"
என்ற குரல் சுழன்று சுழன்று மேலே வந்தது.
ஃபோன் வெளிச்சத்தோடு ஓடினான் இவன்.
"தூக்கட்டே அம்மா?"
"விசரே உனக்கு?"

கறி ஆறிக்கொண்டிருந்தது.
நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.
அம்மாதான் முந்தானையைச் செருகினார்:
"அவங்க ஏற முடியலன்னா சோறு எறங்கட்டும்."

சோற்றுச் சட்டி அப்பாவிடம்.
தம்பி தண்ணீர்ப் போத்தல்கள்.
வடைத் தாச்சியைத் தலைக்கு மேல் பிடித்து
மச்சாள் தர்ஷிகா பாதி வழியில் எதிர்கொண்டாள்.
தாளில் வரைந்த இடங்கள் மேசையிலேயே கிடந்தன.
படி என்றால் மேலும் கீழும் உண்டு;
அப்பாவுக்கு வாய்த்தது
மாமிக்கு ஒரு படி மேலே.
பார்த்தார். எழும்பப் போனார்.
பின்னால் நான், முன்னால் சட்டி.
இருந்துவிட்டார், முழங்காலை ஒடுக்கிக்கொண்டு.

நான்காம் மாடி பெரேரா குடையோடு இறங்கி வந்து
ஒவ்வொரு கோப்பையாகக் கடந்து
இரண்டு வடையோடு போனார்.

இருட்டில் எந்தச் சட்டி எதுவென்று
எனக்கே பிடிபடவில்லை.
அகப்பையில் வந்ததைப் போட்டேன்.
மாமி ஒரு கவளம் உண்டார், மறு கவளம் உண்டார்,
கோப்பையை மறுபடி நீட்டினார்.
"என்ர தூளெண்டால் தெரியும். வாசமே காட்டிக்குடுக்கும்."
சோம்பின் மணம் படிக்கட்டு முழுக்க.
அம்மா என் தொடையை மெல்ல அழுத்தினார்.
"ஆமாங்க" என்றார், "நல்ல தூளு."

ஒன்பது இருபதுக்குப் பளீரென்று வெளிச்சம்.
கண் கூசியது எல்லோருக்கும்.
காறை பெயர்ந்த சுவர்,
யாரோ பல்லில் கடித்துவைத்த ஏலக்காய்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
அப்பா சட்டென்று எழும்பினார்.
"இருங்கோ," என்றார் மாமி,
"சாப்பிட்டு முடியேல்லயே."

கல்யாணப் பேச்சுத் தொடங்கி எட்டு மாதம்.
இவ்வளவு நாளும் அப்பாவிடம்
வினைமுற்று இல்லாமலே பேசி வந்தவர்:
தேத்தண்ணி வேணுமோ. பஸ் எத்தினை மணிக்கு.
நான் தமிழ் படிப்பிக்கிறவள்;
எனக்கு அந்த '-ங்கோ' கேட்டது.
மற்றவர்களுக்குக் கேட்டதோ தெரியாது.
அப்பா இருந்தார்.
அதே படியில்தானா என்று நான் பார்க்கவில்லை.

காலையில் கதிரைகளைக் கொண்டுபோனோம்.
ஒன்றிலும் ஒருவரும் இருக்கவில்லை,
காசு கொஞ்சம் குறையுமா என்றான் வாகீசன்.
கடைக்காரர் சிரிக்கவேயில்லை.